திங்கட்கிழமை மட்டும் எழாத வண்டி

நவம்பர் 10, திங்கள்

வண்டி எழுந்திருக்கவில்லை. பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை. கிக்கர் வைத்த வண்டியாகப் பார்க்கலாம் என்று அன்றைக்கே சொன்னேன். "கிக்கரெல்லாம் போன காலம், கோகிலா" என்று சொல்லி இதை வாங்க வைத்தவர் என் வீட்டுக்காரர்தான். போன காலத்தில் வண்டியாவது ஓடியது.

டீக்கடையில் இருந்தவர்கள் தள்ளிக் கொடுத்தார்கள். பேட்டரியில் கடைசிச் சொட்டு உயிர் இருந்ததால் எடுத்துக்கொண்டது. மலை மேலே போய்ச் சேர்வதற்குள், எனக்காக மினி பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்த டிரைவரிடம் பயணிகள் எல்லாரும் சண்டைக்கு நின்றார்கள். டிரிப்புக்கு வர வேண்டிய கர்ப்பிணி பவளக்கொடி பஸ்ஸில் ஏறாமல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். நான் வந்தால்தான் ஏறுவாளாம்.

அரசாங்க டூர் டைரியில் "வாகனப் பழுது, தாமதம்" என்று எழுதி முடித்துவிட்டேன். அதில் இடம் அவ்வளவுதான். மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த இந்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடக்கிறது. என் வயிற்றெரிச்சலை இதில் கொட்டிக்கொள்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மெக்கானிக் சிராஜ் பார்த்தான். "பேட்டரி பழசாயிருச்சுக்கா. சார்ஜ் போட்டுத் தரேன், கொஞ்ச நாளைக்கு ஓட்டுங்க" என்றான். போட்டுக் கொடுத்தான். ஓடுகிறது.

நவம்பர் 14, வெள்ளி

பச்சைமலையின் மேல் எனக்கு ஒன்பது ஊர். ஊர் என்றால் பத்து வீடும் ஒரு மாட்டுத் தொழுவமும் இருக்கும். மரவள்ளிக்காட்டு வரப்பில் நடந்தால்தான் சில வீட்டுக்குப் போக முடியும். கிராமச் சுகாதாரச் செவிலியர் என்று பேர். மேலே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, நர்ஸம்மாதான்.

பவளக்கொடிக்கு இது மூன்றாவது. ரத்த அளவு ஏழரையில் நிற்கிறது. வாராவாரம் திங்கட்கிழமை கீழே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து இரும்புச்சத்து டிரிப் ஏற்றிக்கொள்ள வேண்டும். அவள் மாமியார், "ஊசியில ஏத்துற ரத்தம் ஊரான் ரத்தம்" என்று சொல்லி விடுவதேயில்லை. அது ரத்தமே இல்லை, இரும்பு என்று நான் விளக்கியதற்கு, "இரும்ப எதுக்கு உடம்புல ஏத்துறீங்க?" என்று கேட்டார். கடைசியில், நானே வந்து கூட்டிப்போய் நானே கொண்டுவந்து விடுவேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தார். ஆகவே திங்கட்கிழமை நான் போகாவிட்டால் டிரிப் இல்லை.

வரும்போது ஐந்தாவது வளைவில் காற்று நன்றாக இருந்தது. அங்கே எப்போதும் முதல் கியரில் மெதுவாகத்தான் வருகிறேன், காற்றுக்காக. தீபாவளி முடிந்த வாரம் மழையில் நான் சறுக்கி விழுந்த இடமும் அதுதான். முழங்கை சிராய்ப்பு எப்போதோ ஆறிவிட்டது.

நவம்பர் 17, திங்கள்

மறுபடியும் 'டிக்'. சிராஜை வீட்டுக்கே வரவழைத்து, அவன் வண்டியிலிருந்து ஒயர் இழுத்து எடுத்தோம். பவளக்கொடியைக் கூட்டி வந்தாயிற்று. சாயங்காலம் அவனே வண்டியைக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனான், புது பேட்டரி மாற்ற.

இவர் தன் ஜெராக்ஸ் கடையிலிருந்து மூன்று தடவை போன் செய்தார். "சீட்டைக் கழட்டினானா?" என்பதுதான் மூன்று தடவையும் கேள்வி. பேட்டரி சீட்டுக்கு அடியில் இருக்கிறது, கழற்றாமல் என்ன செய்வான்? வண்டி மேல் இவ்வளவு கரிசனம் இவருக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. கொஞ்ச நாளாக, காலையில் நான் எழுவதற்கு முன்பே துணியோடு போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஒரு டம்ளரைத் துடைத்தவர் இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

புது பேட்டரி. தொட்டவுடன் குதிரை மாதிரி எடுக்கிறது. சந்தோஷத்தில் இவருக்கு வெங்காய அடை சுட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

மலையடியில் காவல் தெய்வம் கருப்பு கோயில். ஏறுகிற லாரி, வேன், பைக் எதுவானாலும் அங்கே ஒரு நிமிஷம் நின்று, மணியை ஒரு தட்டுத் தட்டி, திருநீறு வைத்துக்கொண்டுதான் போகும். லாரிக்காரர்கள் அங்கே கருப்பு படம் வாங்கி, சிவப்பு விளக்கோடு வண்டிக்குள் மாட்டி வைப்பார்கள். அந்த விளக்கு அணையக் கூடாது என்பது வழக்கம். நானும் நிற்பேன், மணி தட்டுவேன். விழுந்த அன்றைக்கு மட்டும் மழையென்று நிற்காமல் போனேன்.

அதை வீட்டில் வாய் தவறிச் சொன்னதும் இவர் பிடித்துக்கொண்டார். "நிக்காததாலதான் விழுந்தேன்னு ஆரம்பிச்சிராத. டயர் தேஞ்சு போயிருந்துச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லி மறுநாளே டயரை மாற்றினார். நியாயமான மனிதர்தான். பேர் இளந்திரையன், விடியல் ஜெராக்ஸ் முதலாளி, பகுத்தறிவு வாசகர் வட்டத்தின் செயலாளர், வருஷம் முழுக்கக் கறுப்புச் சட்டை. எங்கள் கல்யாணத்தில் ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. வீட்டில் ஒரு உடன்படிக்கை உண்டு: சமையலறைச் சாமி மாடம் என் எல்லை, கூடத்துப் புத்தக அலமாரி அவர் எல்லை. எல்லையில் நின்று ஒருவரையொருவர் சீண்டலாம், தாண்டக் கூடாது. "கல்லுக்கு ஊத்துற எண்ணெயைச் செயினுக்கு ஊத்தினா வண்டியாவது ஓடும்" என்பது அவருக்குப் பிடித்த வசனம்.

இன்றைக்குக் கோயிலில் பூ விற்கும் அஞ்சலை என்ன சொன்னாள் தெரியுமா? "நேத்து உங்க வீட்டு சாரு வந்திருந்தாரே நர்ஸம்மா! ரெண்டு முழம் வாங்கினாரு." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கார்த்திகை பிறந்துவிட்டது, சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் எல்லாரும் கறுப்புச் சட்டைதான். யாரோ ஒரு ஐயப்ப சாமியைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் என்கிறாள். அவள் கண்ணுக்கு ஒரு கேம்ப் போட வேண்டும்.

இதை இவரிடம் சொன்னால் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "அஞ்சலைக்கு சுகர் இருக்கா, பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நவம்பர் 24, திங்கள்

புது பேட்டரியும் செத்துவிட்டது.

சிராஜ் ஏதோ சாவுக்குப் போயிருந்தான். டீக்கடைக்காரர்கள் அந்தத் தெரு இந்தத் தெரு என்று தள்ளிப் பார்த்தார்கள், பேட்டரி மொத்தமாக இறங்கிவிட்டால் தள்ளினாலும் எடுக்காதாம். மினி பஸ் எனக்கு முன்னால் மலையேறிப் போய், மலையிறங்கியும் வந்துவிட்டது. அதில் பவளக்கொடி இல்லை. வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள் என்று டிரைவர் சொன்னார்.

ஒரு வார டிரிப் போயிற்று.

நவம்பர் 25, செவ்வாய்

பெரிய டாக்டரம்மா கூப்பிட்டார்கள். கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "கோகிலவாணி, கீழே ஒரு சென்டர் காலியாகுது. வீட்டுலேருந்து நடந்தே போகலாம். மலைக்கு வேற சின்னப் பொண்ணா போடலாம்னு பாக்குறேன். இப்பவே சொல்லணும்னு இல்ல, அடுத்த வார வெள்ளிக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்கள்.

புதுப் பெண் வந்தால் பவளக்கொடியின் மாமியாரிடம் முதலிலிருந்து இரும்புப் பாடம் நடத்த வேண்டும். அதற்குள் குழந்தை பிறந்துவிடும், எப்படிப் பிறக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு மலை வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வண்டிதான் யோசிக்க வேண்டும்.

இவரிடம் சொன்னேன். கீழே போஸ்டிங் என்றதும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அதை அணைத்துவிட்டு, "உன் வேலை, உன் முடிவு" என்றார். கொள்கைக்காரர்.

நவம்பர் 27, வியாழன்

சிராஜ் வண்டியில் சார்ஜ் ஏற்றுகிற பாகத்தை மாற்றினான். பழையதும் நன்றாகத்தான் இருந்தது என்று மாற்றிய பிறகு சொல்கிறான்.

நவம்பர் 30, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. காரக்குழம்பு. இவர் கடைக்கு விடுமுறை, உட்கார்ந்து லேமினேஷன் போட்ட அடையாள அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தார். நான்கு மூலையையும் வளைத்து, நகம் வெட்டுவது போல அவ்வளவு பொறுமையாக வெட்டுவார். ஊரில் வேறு யாரும் அப்படி வெட்டுவதில்லை, கூர் முனை கையைக் குத்தும் என்று இவருக்குத்தான் தோன்றும்.

சாயங்காலம் மழையோடு மழையாகக் குடையைப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பார்க்கப் போனார். "தார்பாய் சரியா இருக்கான்னு பாக்குறேன்" என்றார்.

டிசம்பர் 1, திங்கள்

'டிக்'.

இந்தத் தடவை முன்னேற்பாடாக நேற்றே மினி பஸ் டிரைவரிடம் சொல்லி வைத்திருந்தேன், ஏழு மணிக்கு அவரோடேயே ஏறிப்போய்ப் பவளக்கொடியைக் கூட்டி வந்தேன். டிரிப் ஏறியது. மற்ற எட்டு ஊருக்கு நடந்தா போவது?

டிரிப் இறங்குகிறதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது எனக்கே என் மேல் கோபம் வந்தது. ரத்தம் குறைந்த பெண் வந்தால் முதலில் என்ன கேட்போம்? ரத்தம் ஊறவில்லையா, இல்லை ஊறியது எங்கேயாவது போகிறதா? போகிறதென்றால், எத்தனை பாட்டில் ஏற்றினாலும் நிற்காது. பேட்டரியை மாற்றினோம், சார்ஜ் ஏற்றுகிற பாகத்தை மாற்றினோம். ஊறுவதையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒழுகுகிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

அதுவும் திங்கட்கிழமையே ஏன்? மற்ற நாளில் மலையேறி இறங்குகிற ஓட்டத்தில் ஏறிவிடுகிறது. சனி, ஞாயிறு வண்டி சும்மா நிற்கிறது. நிற்கும்போது எதுவோ குடிக்கிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, வண்டியைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சிராஜ் கடைக்குப் போனேன். ஒழுகல் கதையைச் சொன்னதும் தலையைச் சொறிந்தான். "நல்லாத்தான் யோசிக்கிறீங்க. பாத்துருவோம்" என்றான். சாவியை எடுத்து என் கையில் கொடுத்தான். பேட்டரியின் ஒரு பக்க ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்தான். வண்டி அணைந்திருக்கிறது, எதுவும் ஓடவில்லை, முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. பியூசைப் பிடுங்கினான். அப்போதும் நிற்கவில்லை. பியூசுக்கு முன்னாலேயே பேட்டரியிலிருந்து யாரோ நேராக உறிஞ்சுகிறார்கள்.

"என்னடா இது?" என்றேன்.

சிராஜ் சாதாரணமாகச் சொன்னான்: "அது உங்க சாமி வெளக்கு ஒயருக்கா. அதைச் சேத்துக்காதீங்க. அது இத்தனூண்டு பல்பு, அது என்னத்தைக் குடிக்கப் போவுது?"

"எந்த சாமி விளக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"மொத பேட்டரி மாத்தும்போதே பாத்தேன்க்கா. நீங்க வச்சதுன்னு நெனச்சேன். உங்க சாமி விசயத்துல நான் போயி எப்படிக் கை வைக்கிறது? லாரியில எல்லாம் இப்படித்தான் நேர் லைன் குடுப்பாங்க, சாவி எடுத்தாலும் அணையக் கூடாதுன்னு."

லாரி பேட்டரிக்கு அது கொசுக்கடி. இந்த வண்டிக்கு அட்டைக்கடி. சனி ஞாயிறு முழுக்கக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

பேட்டரிக்குப் பின்னால் கையை விட்டு, ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சீட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஒரு சின்னச் செவ்வகம். பிரித்தேன். அரிவாளோடு கருப்பு, காலடியில் கடுகு அளவுக்குச் சிவப்பு விளக்கு. நனையாமல் இருக்கப் படத்துக்கு லேமினேஷன் போட்டிருந்தது. நான்கு மூலையும் வளைத்து வெட்டியிருந்தது.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பகுத்தறிவு வாசகர் வட்டத்தின் செயலாளர், பெண்டாட்டி சீட்டுக்கு அடியில் கருப்பைக் குடி வைத்திருக்கிறார்! சிராஜும் புரிந்துகொண்டு, "யா அல்லா, சாரா வச்சாரு?" என்று வாயைப் பொத்திக்கொண்டான். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நான் விழுந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் முழங்கைக் கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபம் என்று நினைத்தேன். டயர் மாற்றினார், அதோடு அவர் கடமை முடிந்தது என்று நினைத்தேன். இந்த மனிதர் தன் சட்டையோடு அந்தக் கோயில் வாசலில் போய் நிற்பதற்கு எவ்வளவு பயந்திருக்க வேண்டும்! பூ வேறு வாங்கியிருக்கிறார். அஞ்சலையின் கண் நன்றாகத்தான் இருக்கிறது.

அங்கேயே படுக்கப் போட்டிருந்த டயர் மேல் உட்கார்ந்து அழுதேன். சிராஜ் போய் டீ வாங்கிக்கொண்டு வந்தான்.

"கழட்டிரவாக்கா?" என்று கேட்டான்.

"கழட்டாத" என்றேன். "சாவி போட்டா எரியணும், சாவி எடுத்தா அணையணும். அப்படி மாத்திக் குடு."

"அணையக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான வச்சிருப்பாரு?"

"அவருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். வாசலில் விளக்கு வைத்தேன். "இத்தனை எண்ணெய்" என்று வழக்கம் போல ஆரம்பித்தார். நான் அவர் முகத்தையே பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"வண்டியில என்னதான் கோளாறாம்?" என்றார்.

"ஒரு ஒயர் தப்பா குடுத்திருந்துச்சு. மாத்தியாச்சு."

"எந்த ஒயர்?"

"அது என்னமோ. சிராஜுக்குத்தான் தெரியும்."

அதற்கு மேல் கேட்கவும் முடியாமல், கேட்காமல் இருக்கவும் முடியாமல் அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் ருசியாகவும் இருந்தது.

டிசம்பர் 4, வியாழன்

காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, சீட்டைத் தூக்கி, குனிந்து பார்த்தார். விளக்கு எரியவில்லை. படம் மட்டும் இருக்கிறது. முகம் அப்படியே விழுந்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒயரை இழுத்துப் பார்த்தார், பல்பை விரலால் தட்டிப் பார்த்தார். பிள்ளைக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது போல இருந்தது.

மேலும் வேடிக்கை பார்க்க மனம் வரவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போனேன். துணியால் படத்தை மூடப் பார்த்தார், நேரம் போதவில்லை. நான் சாவியைப் போட்டேன். கருப்பின் காலடியில் சிவப்பு எரிந்தது. எடுத்தேன். அணைந்தது.

நிமிர்ந்து நின்றார். இவ்வளவு சிவந்து நான் இவரைக் கல்யாணத்தன்றும் பார்த்ததில்லை.

"லாரிக்காரர் ஒருத்தர் ஜெராக்ஸ் எடுக்க வந்தாரு" என்று ஆரம்பித்தார். "அவருதான் சும்மா..."

"சரி."

"நம்பிக்கையெல்லாம் ஒண்ணுமில்ல கோகிலா."

"சரிங்க."

"நீ மலையேறினப்புறம் கடையில உக்காந்தா எழுத்தே தெரிய மாட்டேங்குது. ஒரே காகிதத்தை ரெண்டு தடவை எடுத்துக் குடுக்குறேன்" என்றார்.

நானும் சொல்லிவிட்டேன். அந்த ஐந்தாவது வளைவில் நான் ஊர்ந்துதான் வருகிறேன் என்று. காற்றெல்லாம் ஒன்றுமில்லை, பயம்தான் என்று. இந்த டைரியில்கூட நான் எழுதாதது அது. பயந்தாலும் எனக்கு மலைதான் வேண்டும், நாளைக்கு டாக்டரம்மாவிடம் அப்படித்தான் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார். எதிர்பார்த்திருக்கிறார்.

"வேணும்னா படம் அங்கயே இருக்கட்டும்" என்றேன். "ஆனா ராத்திரியும் பகலும் எரிஞ்சா பேட்டரி தாங்காது. வண்டி நிக்கிறப்ப நான் வீட்டுல உங்க கண்ணு முன்னாலதான இருக்கேன்? அப்ப அதுக்கு என்ன வேலை?"

கையைக் கட்டிக்கொண்டு யோசித்தார். வாசகர் வட்டத்தில் யாராவது கேள்வி கேட்டால் இப்படித்தான் நிற்பார்.

"தர்க்கம் சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு உடனே, "இல்ல, ஒரு ஓட்டை இருக்கு. நீ மேல போயி வண்டியை நிறுத்திட்டு, சாவியை எடுத்துட்டு, வரப்புல நடந்து போறியே. பாம்பு பல்லி எல்லாம் இருக்கும். அப்ப?" என்று கேட்டார்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே பதிலுக்காக நின்றார்.

"அப்ப நீங்க என்னை நெனச்சுக்கிட்டு இருங்க" என்றேன். "அது போதும்."

அவர் சீட்டை மூடி, இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்து, தோளில் இருந்த துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு வழி விட்டார்.